நுழைபாதையில் பதினொரு கார்கள்

மோட்டர்வேயில் சேரும் இடத்தில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்துக்கு, வெளியிலிருந்து வருகிறவர் வழிவிட வேண்டும். உள்ளே ஓடுகிறவர் விலகிக் கொடுத்தால் அது அவருடைய நல்ல குணம். விலகாவிட்டால் அவர்மேல் குற்றமில்லை. இன்னொன்றும் சொல்வேன். வீதி விதிகளில் உரிமை என்று யாருக்கும் எதுவும் கொடுக்கப்படவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியவர் யார் என்பது மட்டும்தான் இருக்கிறது. அவர் விட்டுக்கொடுக்காவிட்டால் உங்கள் கையில் ஒன்றுமில்லை. இதைப் பலருக்கு விளக்கியிருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் கேட்காமலே.

தெற்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் வீதிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு தெருவில் மஞ்சள் கோடு போடுவதற்கு முன் வெளியிட வேண்டிய அறிவித்தல், ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று சொல்லும் கடிதம், வந்த ஆட்சேபத்தை நிராகரிக்கும் கடிதம் ஆகிய மூன்றும் என் வேலை. மூன்றாவதை முதலாவதுடன் சேர்த்தே எழுதி வைத்துவிடுவேன்.

படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன் என்பதால், எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டு வாடகைக்கு உதவி, பள்ளிக்கூட அனுமதி, குடிவரவு அலுவலகத்துக்கு மேன்முறையீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறை அரசாங்கக் கந்தோர் மாதிரி இருக்கும். ஆகவே, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம் என் அண்ணை இறந்தபோது யாரும் அழுதுகொண்டு என்னிடம் வரவில்லை. "இனி என்ன செய்யவேணும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அண்ணை தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். இருதயம். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். மருத்துவர் கொடுத்த சான்றிதழை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போனேன். தகனத்துக்கு வேண்டிய பச்சை நிறப் படிவத்தை அங்கிருந்த பெண் நீட்டி, மடிக்காமல் கொண்டுபோகச் சொன்னாள். மடிக்காமல் கொண்டுபோனேன். பஸ்ஸில் அதை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தது ஞாபகம் இருக்கிறது. அண்ணையைப் பற்றி அப்போது என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை. ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

சிக்கல் வேறொரு இடத்தில் இருந்தது. அண்ணைக்கு ஒரே மகன். அவன் ஜெர்மனியில் அகதியாக இருந்தான். தகப்பனின் செத்தவீட்டுக்கென்று அவனுக்கு ஒரு வாரம் மட்டும் விசா கொடுத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தேங்கிப்போன சடங்குகளால் எங்கள் பக்கத்துத் தகனசாலைகளில் மூன்று வாரத்துக்கு இடமில்லை. நான் ஒரு நாள் முழுவதும் தொலைபேசியில் இருந்து, கென்ட் பக்கம் ஒரு தகனசாலையில் வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு ஓர் இடம் பிடித்தேன். அரை மணித்தியாலம். மூன்று மணிக்கு வேறொருவரின் பெட்டி வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை மகன் விமானம் ஏற வேண்டும். வியாழன் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் அவன் அங்கே நின்று தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்த விடயம் அது ஒன்றுதான். யாரைக் கண்டாலும், "மகன் கொள்ளி வைக்கலாம்தானே?" என்றார்கள். வைக்கலாம் என்றேன்.

கென்ட்டுக்குப் போவதென்றால் லண்டனைச் சுற்றி ஓடும் மோட்டர்வேயில் ஏற வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அதில் ஓடிப் பழக்கமில்லை. ஆகவே நான் ஒரு தாள் தயாரித்தேன். தமிழில், தட்டச்சில், இலக்கமிட்ட ஒன்பது அறிவுறுத்தல்கள். பிரேத வண்டிக்குப் பின்னால் பதினொரு கார்கள் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்று ஒரு பட்டியல். முதலில் என் கார். அதில் மகனும் அண்ணியும். அடுத்தது அண்ணியின் தமையன். அதற்குப் பின்னால் உறவு முறையும் வயதும் பார்த்து ஒவ்வொருவராக. கடைசியில் அண்ணிக்குத் தூரத்து உறவான ஒரு மினிகாப்காரர். வயதில் குறைந்தவர் என்பதால் அவரைப் பதினோராவதாகப் போட்டேன். அந்தப் பதினொரு பேரில் தொழிலாகக் கார் ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

ஆறாவது அறிவுறுத்தல் இது: மோட்டர்வேயில் சேரும்போது ஊர்வலம் உடையக்கூடாது, பின்னால் வருகிறவர்களும் சேர்வதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்னால் இருப்பவர் சேர வேண்டும்.

செத்தவீட்டில் ஐயர் ஒரு பக்கம் கிரியை செய்துகொண்டிருக்க, நான் மறுபக்கம் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குக் கையெழுத்தும் வைக்கவேணுமோ தம்பி?" என்றார் அண்ணியின் தமையன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர். அவரும் நடைமுறை தெரிந்தவர்தான். ஆனால் அதை வைத்துப் பகிடி விடத் தெரிந்தவர்.

"வாசிச்சாக் காணும், அண்ணை."

"என்ர மனிசிதான் எனக்கு வாசிப்பா. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அவ பேப்பரைப் பிடிப்பா."

கையில் தாளோடு நின்ற மினிகாப்காரர் என்னைப் பார்த்து, "சித்தப்பா, ஆறாம் நம்பர் எனக்கு விளங்கேல்லை," என்றார். எனக்கு அவர் அவ்வளவு நெருங்கிய உறவு இல்லை. மகன் கூப்பிடுவதைக் கேட்டுத் தானும் அப்படிக் கூப்பிட்டார். "நான் கடைசி. எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை. நான் ஆரைப் பாக்கிறது?"

"நீர் உமக்கு முன்னால போறவரைப் பாரும்."

"அப்ப சரி," என்றார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

பிரேத வண்டியின் ஓட்டுநர் உயரமான ஓர் ஆங்கிலேயர், கறுப்புத் தொப்பி. மகனை அந்த வண்டியில் ஏற்றலாமா என்று கேட்டேன். தனக்கும் தன் உதவியாளருக்கும் மேல் முன்னால் இடமில்லை என்றார். தங்களைத் தவறவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவரே கேட்டார். தவறவிட மாட்டோம் என்றேன். தவறவிட்டால் தாங்கள் வழியில் நிற்கப்போவதில்லை, நேரே தகனசாலைக்குப் போய்விடுவோம் என்று மிகுந்த மரியாதையுடன் சொன்னார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் புறப்பட வேண்டியது, ஒன்று பத்துக்குத்தான் புறப்பட்டோம். குரொய்டன் நகரைத் தாண்டும்வரை ஒழுங்கு குலையவில்லை. நகரத்துத் தெருக்களில் பிரேத வண்டியைக் கண்டால் ஆட்கள் நின்றார்கள். சிலர் கார்களை ஒதுக்கினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். என் கண்ணாடியில் பதினொரு சோடி விளக்குகளில் பத்தைப் பார்த்தேன். வேலை சரியாக நடக்கிறது என்று ஒரு திருப்தி. அதைத் தவிர வேறொன்றும் எனக்குள் இருக்கவில்லை.

மகன் எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில் இருந்தான். வேட்டி, அதற்கு மேலே யாரோ கொடுத்த கறுப்பு மேலங்கி, அதன் கைகள் விரல் நுனி வரை வந்தன. சப்பாத்துக்குள் காலுறை இல்லை. அண்ணி பின்னால் இருந்தார். அழுது முடித்திருந்தார்.

மோட்டர்வேக்கு இறங்கும் நுழைபாதைக்கு வந்தபோது சரியாக இரண்டு மணி. அங்கிருந்து இருபத்தைந்து நிமிடம். போதும்.

பிரேத வண்டி சிக்னல் போட்டது, வேகம் எடுத்தது, ஒரு லொறிக்கும் ஒரு வானுக்கும் இடையில் ஊசியில் நூல் போவதுபோல் உள்ளே போனது. நானும் போயிருக்கலாம். வானுக்குப் பின்னால் எனக்கு இடம் இருந்தது. ஆனால் எனக்கு மட்டும்தான் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் பத்துக் கார்கள் என் வேகத்தை நம்பி வந்துகொண்டிருந்தன. வேகத்தைக் குறைத்தேன். அண்ணியின் தமையன் என்னைப் பார்த்துக் குறைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர் அவரைப் பார்த்து. நுழைபாதை முடிந்து கோடுகள் ஒடுங்கும் முனையில் நான் நின்றேன். எனக்குப் பின்னால் பதினோராவது கார் வரை வரிசையாக நின்றது.

நுழைபாதையின் முனையில் நின்றுவிட்டால் பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். எழுபது மைல் வேகத்தில் ஓடுகிறவர்களோடு பூச்சியத்திலிருந்து சேர வேண்டும். வேகம் எடுப்பதற்கு முன்னால் பாதை இல்லை. அதற்கு நீளமான இடைவெளி வேண்டும். பதினொரு காருக்கான இடைவெளி என்றால், மோட்டர்வேயை யாராவது மூட வேண்டும்.

"ஏன் நிண்டனீங்கள், சித்தப்பா?" என்றான் மகன்.

"எல்லாரும் சேர்ந்து போகவேணும்."

"அப்பான்ர கார் போயிட்டுது."

"தெரியும்."

நாங்கள் சேர வேண்டிய உள்தடத்தில் வந்த ஒரு பெரிய லொறி வேகத்தைக் குறைத்து, இரண்டு முறை விளக்கை அடித்தது.

"வரச் சொல்லுறான்! போங்கோ!"

"லைற் அடிக்கிறது வரச் சொல்லுறதுக்கில்லை. தான் வாறன் எண்டு காட்டுறதுக்குத்தான். அதை நம்பிப் போய் இடிச்சா, பிழை எங்கட பக்கம்."

"ஆனா நிக்கிறானே, தம்பி," என்றார் அண்ணி பின்னாலிருந்து.

"எனக்கு மட்டும் விடுறான், அண்ணி. மிச்சப் பேர்?"

லொறிக்காரன் இன்னொரு முறை அடித்தான். பிறகு கையை விரித்துக் காட்டிவிட்டு, நீளமாக ஒரு ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டான். அவன் செய்தது விதிப்படி தேவையில்லாத வேலை. நான் செய்தது விதிப்படி சரி. அதற்குப் பிறகு அப்படி யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை.

எட்டு நிமிடம் ஆகியிருக்கும். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டிய சத்தம் கேட்டது. அண்ணியின் தமையன் காரை விட்டு இறங்கி நடந்து வந்து நின்றார். காற்றில் மப்ளர் பறந்தது.

"தம்பி, விசாவுக்கோ வரிசையில நிக்கிறியள்?"

"அண்ணை, மோட்டர்வேயில ஆக்கள் நடக்கக்கூடாது."

"நான் எங்க நடக்கிறன்? நிக்கிறன். உங்களைப்போல. உங்களுக்கு முன்னால வரிசையில ஒரு குருவியும் இல்லை, நீங்கள் ஆருக்கு மரியாதை குடுத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"அப்ப நீங்கள் முதல்ல போங்கோ."

"விசர்க்கதை கதையாதேங்கோ. கொள்ளிக்காரன் உங்கட கார்ல. அவனை விட்டிட்டு நான் முந்திப் போறதோ? சனம் என்ன சொல்லும்?"

அதுதான் விடயம். எனக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரும் கார் ஓட்டத் தெரியாதவர்கள் இல்லை. கொள்ளி வைக்கப்போகிறவனை முந்தி யாரும் போக மாட்டார்கள். தாய்மாமனை முந்தி அவருக்கு இளையவர் போக மாட்டார். அவரை முந்தி மற்றவர். எங்களுக்குள் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதில் ஒரு பிழையும் இல்லை. அதை நானே தட்டச்சு செய்தும் கொடுத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த மினிகாப், பழுதான வாகனங்கள் ஒதுங்குவதற்கென்று இருக்கும் கரைப்பாதை வழியாக, எல்லோரையும் தாண்டிக்கொண்டு வந்து எங்களுக்கு இடப்பக்கம் நின்றது. மினிகாப்காரர் எட்டிப் பார்த்தார்.

"ரண்டு பதினாலு. தம்பி, ஓடி வா. ஒரு ஆளுக்கு இடமிருக்கு."

"கரைப்பாதையில ஓடக்கூடாது," என்றேன்.

"தெரியும், சித்தப்பா. பிறகு பேசுங்கோ."

மகன் என்னைப் பார்த்தான். "போகட்டோ?"

"இஞ்ச காரால இறங்கிறது சட்டவிரோதம்."

அதைச் சொல்லும்போது அவன் ஏற்கெனவே கதவைத் திறந்திருந்தான். ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லொறிகள் கிளப்பிய காற்றில் குனிந்து, நாலு எட்டில் அந்தக் காரடிக்குப் போனான். ஏறுமுன் திரும்பி, "அம்மா, நீங்கள்?" என்று கத்தினான்.

"நீ என்ர கார்ல வா," என்றார் தமையன், அண்ணியிடம். "மனிசி பேரப்பிள்ளையை மடியில வைச்சிருப்பா. இடம் வரும். இறங்கு."

அண்ணி கதவுப் பிடியில் கை வைத்தார். பிறகு எடுத்தார்.

"தம்பி தனிய நிப்பார். நான் அவரோட வாறன். நீங்கள் போங்கோ. கெதியாப் போங்கோ."

மினிகாப் கரைப்பாதையிலேயே வேகம் எடுத்து, சிக்னல் போட்டு, போயே போய்விட்டது. யாரும் ஹோர்ன்கூட அடிக்கவில்லை.

அவன் போனதும் மற்றவர்களுக்கும் தடை இல்லாமல் போயிற்று. தமையன் தன் காரைப் பின்னுக்கு எடுத்தார்; நுழைபாதையில் பின்னுக்கு எடுப்பது குற்றம். பின்னால் நின்றவர்களும் எடுத்தார்கள். கொஞ்சம் ஓடிவர இடம் கிடைத்ததும் ஒவ்வொருவராக என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். சிலர் தாண்டும்போது மன்னிப்புக் கேட்பதுபோல் தலையை ஆட்டினார்கள். நான் மட்டும் முனையிலேயே நின்றேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததால் எனக்குப் பின்னுக்கு எடுக்கவும் முடியவில்லை. முடிந்தபோதும் நான் எடுக்கவில்லை.

கடைசிக் காரும் போனபின் காருக்குள் ஹீற்றர் சத்தம் மட்டும் கேட்டது. நான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வழிவிடவில்லை. பிறகு ஓர் இடைவெளி வந்தது. சேர்ந்தேன். இரண்டு முப்பத்தொன்று.

"எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம்?" என்றார் அண்ணி.

"மூண்டுக்குக் கிட்ட."

"அவன் நேரத்துக்குப் போயிருப்பான் என்ன?"

"ஓம். மினிகாப்காரன் நல்லா ஓடுவான்."

"அப்ப சரி."

அதற்குப் பிறகு வழி முழுவதும் வயல்கள். பனி படிந்து ஒரே நிறமாக இருந்தன. நான் உள்தடத்தில், அனுமதித்த வேகத்துக்கு ஐந்து மைல் குறைவாக, முன்னால் போன காருக்கு இரண்டு நொடி தூரம் விட்டு ஓட்டினேன். இடையில் இரண்டு நுழைபாதைகள் வந்தன. அவற்றில் சேர வந்தவர்களுக்கு நடுத்தடத்துக்கு விலகி இடம் கொடுத்தேன். ஒருவர் கை காட்டி நன்றி சொன்னார்.

தகனசாலைக்குப் போனபோது மூன்று மணிக்கு இரண்டு நிமிடம். வாசலில் அடுத்த சடங்குக்கு வந்த ஆங்கிலேயர்கள் கறுப்பு உடுப்பில் நின்றார்கள். பணியாளர் ஒருவர் எங்களிடம் வந்து, எந்தக் குடும்பம் என்று கேட்டார். சொன்னேன். பூக்கள் பின்பக்கம் வைக்கப்பட்டிருக்கின்றன, அந்த வழியாகப் போகலாம் என்று பக்கக் கதவைக் காட்டினார்.

பின்பக்கத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். அண்ணியின் தமையன் முன்னால் வந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை.

"எல்லாம் முடிஞ்சுது, பிள்ளை," என்றார் தங்கையிடம். "அவன் தன்ர கையாலதான் செய்தவன்."

அண்ணி மகனின் முகத்தைப் பார்த்தார். அவனுடைய வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். "பரவாயில்லை," என்றார். "நான் காலமை வீட்டில பாத்தனான்தானே." பிறகு குனிந்து பூக்களில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனாலும் எல்லாவற்றையும் வாசித்தார்.

என்னிடம் யாரும் கோபப்படவில்லை. ஒருவர் தேநீர் கொண்டுவந்து தந்தார். மினிகாப்காரர் வந்து, "சித்தப்பா, குறை நினையாதேங்கோ," என்றார். நான் அவரிடம், கரைப்பாதையில் ஓடினால் தண்டனை என்ன என்று விளக்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

மறுநாள் காலை மகனை நானே விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பயண வரிசையில் அவனோடு கொஞ்சத் தூரம் போனேன். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"சித்தப்பா, ஒண்டு கேக்கட்டோ? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"கேள்."

"அங்க ஒரு பட்டன் காட்டினவை. அமத்தினனான். திரை மூடினது. வேற ஒண்டும் நடக்கேல்லை. நெருப்பும் தெரியேல்லை, சத்தமும் இல்லை. பிறகு வெளியால போகச் சொல்லிப்போட்டினம். நான் அமத்தினது கொள்ளிதானே?"

அந்த மண்டபத்தில் இருக்கும் பட்டன் திரையை மூடுவதற்கு மட்டும்தான். பெட்டியை உலைக்குள் தள்ளுவது பின்னாலுள்ள வேறோர் அறையில், பணியாளர்களின் வேலை. உடனேகூட நடக்க வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவர் அந்த அறைக்குள் போய்த் தன் கையால் அதைத் தொடக்கி வைக்கலாம். அதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அப்படி ஒரு நடைமுறை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அரை மணித்தியாலத்தைப் பிடிப்பதிலும், கார்களை வரிசைப்படுத்துவதிலும் இருந்ததால் நான் எழுதிக் கேட்கவில்லை.

"ஓம்," என்றேன்.

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்."

அவன் பையை எடுத்துக்கொண்டான். பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்குக் குழந்தை வண்டியோடு போக இடம் விட்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்றான்.